வெந்நீர் நகரத்துக்கு வெளியே

பாத் நகரத்தை ஒரே பகலில் பார்த்துவிடலாம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். லண்டன் பேடிங்டன் நிலையத்தில் காலை ரயிலைப் பிடித்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாத் ஸ்பா நிலையம். ரோமானியர் குளம், அபே தேவாலயம், பிறை வடிவில் வளைந்த தெரு, இரு பக்கமும் கடைகளைச் சுமக்கும் பாலம், ஒரு கோப்பைத் தேநீர், மாலை ரயில். சுற்றுலாப் பேருந்துக்காரர்கள் இன்னும் மோசம். அதே பகலில் ஸ்டோன்ஹெஞ்சையும் சேர்த்து முடித்துவிடுவார்கள். அப்படிப் போய்வந்தவர்களிடம் ஊர் எப்படி என்று கேட்டால், "நல்லாத்தான் இருந்துச்சு, ஒரே கூட்டம்" என்பதற்கு மேல் ஒன்றும் தேறாது.

நாங்கள் ஊருக்கு வெளியே, கிராமத்தில் ஒரு வீடு எடுத்துத் தங்கினோம். நான், மனைவி, மனைவியின் அம்மா, பிரிஸ்டலில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் என நாலு பேர். முதல் காரணம் பணம். வார இறுதியில் நகரத்துக்குள் இரண்டு அறை எடுக்கிற காசுக்கு வெளியே சமையலறையோடு ஒரு முழு வீடே கிடைக்கிறது. அத்தைக்கு வெளிச் சாப்பாடு இரண்டு வேளைக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. எனவே சமையலறை எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. இரண்டாவது காரணம் அங்கே போன பிறகுதான் பிடிபட்டது. பாத்தை ஊராக்கியவை வெந்நீரும் மஞ்சள் கல்லும். இரண்டும் சுற்றுவட்டாரக் குன்றுகள் கொடுத்தவை. அந்தக் குன்றுகளில் கொஞ்சம் நடந்துவிட்டு ஊருக்குள் இறங்கினால், பார்க்கிற ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தே பார்க்கலாம்.

வீடு தேடும்போது எல்லாரும் முதலில் படங்களைப் பார்ப்பார்கள். விறகடுப்பு, ஜன்னலோரம் ஆட்டுக்குட்டி, வெள்ளைப் படுக்கை விரிப்பு. எல்லா வீட்டுப் படமும் ஒரே மாதிரிதான் இருக்கும். வரைபடத்தைப் பாருங்கள். "பாத்திலிருந்து பத்து நிமிடம்" என்று போட்டிருந்தால், அது காரில், அதுவும் தெருவில் ஈ காக்கை இல்லாத நேரத்துக் கணக்கு. பாத் இருப்பது அவான் ஆற்றுப் பள்ளத்தாக்கில். எந்தத் திசையில் வெளியேறினாலும் ஏற்றம்தான். இரண்டு மைல் என்று வரைபடம் சொல்வதை முழங்கால் வலிக்காரர் நாலு மைலாகக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

வடக்கே போனால் கோட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகள். சிப்பிங் கேம்டனில் தொடங்கி 164 கிலோமீட்டர் ஓடிவரும் கோட்ஸ்வோல்ட் நடைபாதை, பாத் அபே வாசலில்தான் முடிகிறது. கிழக்கே வில்ட்ஷர்; அங்கே லேகாக் கிராமத்து அபேயில் ஒரு ஜன்னலைத்தான் 1835இல் புகைப்பட முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் கட்டைவிரல் நகம் அளவுக்கு நெகட்டிவாகப் பிடித்து வைத்தார். இவை அழகான இடங்கள், ஆனால் கார் இல்லாவிட்டால் திண்டாட்டம். "மாமா, ரயில் நிக்கிற ஊராப் பாருங்க. கிராமத்து பஸ்ஸை நம்பாதீங்க, சாயங்காலத்தோட நின்னுடும்" என்றான் அக்கா மகன். அவன் பேச்சைக் கேட்டு, நகரத்துக்குத் தென்கிழக்கே ஆறும் கால்வாயும் ரயில்பாதையும் ஒரே பள்ளத்தாக்கில் நெருக்கியடித்துக்கொண்டு போகும் பகுதியில் தேடினோம். லிம்ப்லி ஸ்டோக், ஃப்ரெஷ்ஃபர்ட், அவான்கிளிஃப், பிராட்ஃபர்ட்-ஆன்-அவான் என்று வரிசையாக ஊர்கள். ஃப்ரெஷ்ஃபர்டில் ரயில் நிலையம் உண்டு. பாத்துக்குப் பத்து நிமிடப் பயணம். எல்லா ரயிலும் நிற்காது என்பதால் கால அட்டவணையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த நிலையமான அவான்கிளிஃபில் இறங்க வேண்டுமென்றால் கார்டிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஏற வேண்டுமென்றால் பிளாட்பாரத்தில் நின்று டிரைவருக்குக் கை காட்ட வேண்டும். ரயிலுக்குக் கை காட்டி நிறுத்திய பெருமையில் அத்தைக்கு ஒரு வாரம் ஓடியது.

தேதி பார்ப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. இந்த மாதிரி வீடுகளைப் பெரும்பாலும் ஒற்றை ராத்திரிக்குத் தரமாட்டார்கள். வெள்ளி முதல் திங்கள் வரை ஒரு கட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு கட்டு என்று பிரித்து வைத்திருப்பார்கள். வார நடுவில் வாடகையும் இறங்கும், ஊரிலும் கூட்டம் குறையும். நவம்பர் கடைசியில் அபேயைச் சுற்றி கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கிவிட்டால் வட்டாரம் முழுக்க அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. செப்டம்பரில் ஜேன் ஆஸ்டின் விழா; 1801 முதல் 1806 வரை அவர் இங்கே குடியிருந்ததைக் கொண்டாட, அந்தக் காலத்துக் கவுனும் தொப்பியுமாகத் தெருவில் ஊர்வலம் போகிறார்கள். பார்க்க ஆசை இருந்தால் சரி, இல்லாவிட்டால் தவிர்க்கலாம். இன்னொன்று வெளிச்சம். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும்; ஜூனில் ஒன்பதரை வரை பகல். கிராமத்தில் தெருவிளக்கு கிடையாது. குளிர்காலத்தில் கிராமத்து வீட்டை எடுப்பவர்கள் பாதி விடுமுறையை ஜன்னல் திரைக்குள்ளேயே கழிக்க நேரிடும். நாங்கள் போனது மே மாதம்.

வீடு ஒரு காலத்தில் குதிரை லாயமாக இருந்தது. முழங்கை நீளத்துக்குக் கனமான கல்சுவர், கொஞ்சம் நிமிர்ந்தால் தலையில் இடிக்கும் உத்தரம். வீட்டுக்காரம்மாள் நேரில் வரவில்லை. கதவோரச் சின்னப் பெட்டியில் எண்ணை அழுத்தினால் சாவி விழுந்தது. மேசையில் நாலு பக்கத்துக்குக் கையால் எழுதிய குறிப்பு. கழிவுநீர் தோட்டத்துத் தொட்டிக்குள் போகிறது, ஆகவே கண்டதைப் போட்டு அடைக்காதீர்கள். வெந்நீர்த் தொட்டி சின்னது, இரண்டு பேர் குளித்தால் மூன்றாமவர் காத்திருக்க வேண்டும். சூடேற்றியை இரவில் குறைத்து வையுங்கள், அது எண்ணெயில் ஓடுகிறது. வெந்நீர் ஊற்றுக்குப் பேர் போன ஊரின் எல்லையில் வெந்நீருக்கு ரேஷன் என்று மனைவி சிரித்தாள்.

வெளி கேட்டில் முட்டை அட்டைகளை அடுக்கி, பக்கத்தில் காசு போட ஒரு தகர டப்பா வைத்திருந்தார்கள். காவலுக்கு ஆள் இல்லை. ஃப்ரெஷ்ஃபர்டில் கடையும் அப்படித்தான், ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துவது. ரொட்டி, பால், உருளைக்கிழங்கு, தபால்தலை எல்லாம் கிடைக்கும். பெருங்காயம் கிடைக்காது. புளி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் பிரிஸ்டலிலிருந்தே காரில் ஏற்றி வந்திருந்தான் பையன். ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் பெரிய கடைகளுக்கு ஆறு மணி நேரம் மட்டுமே திறக்க அனுமதி. கிராமத்து பப்களிலோ மதியச் சாப்பாட்டோடு அடுப்பை அணைத்துவிடுகிற இடங்கள் பல. சனிக்கிழமையே சாமான் வாங்கி வைக்காவிட்டால் ஞாயிறு இரவு பிஸ்கட்தான்.

மே மாதத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் காட்டுச் சரிவுகள் முழுக்க பூண்டு வாசனை. அகன்ற இலையும் வெள்ளைப் பூவுமாகக் காட்டுப்பூண்டு தரையெல்லாம் படர்ந்திருந்தது. அத்தை ஒரு இலையைக் கசக்கி மூக்கில் வைத்துப் பார்த்தாள். "இதைச் சும்மாவா விட்டு வச்சிருக்காங்க?" இதே மாதிரி இலையுள்ள ஒரு விஷச்செடியும் இங்கே உண்டு, கசக்கினால் பூண்டு மணம் வந்தால் மட்டுமே பறிக்க வேண்டும் என்று பையன் எச்சரித்தான். ஒவ்வொரு இலையையும் மோந்து பார்த்தே பறித்தாள். அன்றைக்கு ராத்திரி புளியும் வரமிளகாயும் வைத்து அரைத்த துவையல், சோற்றுக்கு அது ஒன்றே போதுமாயிருந்தது. பறித்த இடத்துக்குப் பக்கத்திலேயே நம் ஊர்க் காஞ்சொறி மாதிரியே அரிக்கிற ஒரு செடி நின்றிருந்தது. என் கணுக்காலில் பட்டு அரை மணி நேரம் எரிந்தது.

கால்வாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கென்னட் அண்ட் அவான் கால்வாய் 1810இல் முழுதாகத் திறக்கப்பட்டது. ரெடிங்கையும் பாத்தையும் இணைத்து, அவற்றின் வழியாக லண்டனுக்கும் பிரிஸ்டலுக்கும் நீர்வழி போட்டது. முப்பது வருஷம் சுகமாக ஓடியது. 1841இல் ரயில் வந்ததும் படுத்துவிட்டது. பின்னர் ரயில் கம்பெனியே அதை விலைக்கு வாங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்துபோன கால்வாயை ஆர்வலர்கள் வாளியும் மண்வெட்டியுமாக மீட்டெடுக்க, 1990இல் எலிசபெத் ராணி மறுபடி திறந்துவைத்தார். முன்பு படகை இழுத்த குதிரைகள் நடந்த கரைப்பாதையில் இன்று நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும். பாத்திலிருந்து பிராட்ஃபர்ட் வரை சுமார் 16 கிலோமீட்டர். இந்த வட்டாரத்தில் ஏற்றமே இல்லாத பாதை இது ஒன்றுதான், அத்தைக்குப் பிடித்ததற்கு அதுவே காரணம்.

பாதையில் டண்டாஸ் நீர்ப்பாலம் வரும். அவான் ஆறு கீழே ஓட, அதற்கு மேல் கல்பாலத்தில் கால்வாய் குறுக்கே கடக்கிறது. பாலத்தின் மேல் படகு போகிறது, பாலத்துக்குக் கீழும் தண்ணீர். ஜான் ரென்னி என்ற பொறியாளர் கட்டி 1805இல் திறந்தது. அவருக்குச் செங்கல்லில் கட்டவே விருப்பம். வட்டாரக் கல்லில்தான் கட்ட வேண்டும் என்று கம்பெனி பிடிவாதம் பிடித்தது. பனியில் அந்தக் கல் பொரிந்துபோய், பின்னால் ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. பாலத்தின் அடியில் இறங்கி நின்று பார்த்தால், மஞ்சள் கல்லுக்கு நடுவே கருநீலச் செங்கல் ஒட்டுகள் தெரிகின்றன. கொஞ்சம் வடக்கே கிளேவர்டனில் ரென்னியே அமைத்த இன்னொரு வேலை இருக்கிறது. ஆற்றின் வேகத்தில் ஒரு பெரிய சக்கரம் சுற்ற, அந்தச் சுழற்சியே ஆற்று நீரை மேலே இருக்கும் கால்வாய்க்கு ஏற்றுகிறது. நிலக்கரி, எண்ணெய் ஒன்றும் வேண்டாம். 1813இல் ஓடத் தொடங்கியது.

டண்டாஸ் அருகே இன்னொரு கால்வாய் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. சாமர்செட் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி கொண்டுவந்த அந்தக் கால்வாயில் இப்போது நுனி மட்டுமே மிச்சம், படகுகள் கட்டிவைக்கிற இடமாக. அதை வெட்டுவதற்கு அளவை வேலை பார்த்தவர் வில்லியம் ஸ்மித், ஒரு கொல்லரின் மகன். மண்ணை வெட்ட வெட்ட, பாறை அடுக்குகள் எங்கேயும் ஒரே வரிசையில் வருவதையும், ஒவ்வொரு அடுக்குக்கும் அதற்கென்று தனிப் புதைபடிவங்கள் இருப்பதையும் அவர் கவனித்தார். நத்தை, சிப்பி எது என்று பார்த்தாலே எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம் என்றார். 1799இல் பாத் வட்டாரத்துப் பாறைகளுக்கு ஒரு வரைபடம் போட்டார். 1815இல் இங்கிலாந்து முழுவதற்கும் ஒன்று. நிலவியல் வரைபடம் என்கிற சங்கதிக்கு அடித்தளம் இந்தப் பள்ளத்தாக்கில் போடப்பட்டது. அவர் பட்ட கடனுக்கு 1819இல் சிறையில் தள்ளினார்கள். மரியாதை எல்லாம் வயதான காலத்தில்தான் வந்தது. அவர் வீடு வாங்கிய டக்கிங் மில் என்ற இடத்துக்கு மேலேதான் பழைய ரயில்பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். கூம் டவுன் குகைப்பாதை மட்டும் 1,672 மீட்டர். பையன் அதில் சைக்கிள் விட்டுப் போய், உள்ளே எங்கிருந்தோ இசை கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தான். அதற்கென்றே ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு ரோமானியர் குளத்துக்குப் போங்கள். தென்மேற்கே மெண்டிப் குன்றுகளில் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் பெய்த மழை, சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் கிலோமீட்டர் கணக்கில் ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டில் காய்ந்து, பாறைப் பிளவு வழியாக பாத்தில் மேலே வருகிறது. ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல். சூடு 46 டிகிரி. கிறிஸ்து பிறந்து அறுபது, எழுபது ஆண்டுகள் ஆனபோது ரோமானியர் இதைக் கண்டு கோயிலும் குளமும் கட்டினார்கள். உள்ளூர்த் தெய்வமான சுலிஸையும் தங்கள் மினெர்வாவையும் ஒன்றாக்கி, சுலிஸ் மினெர்வா என்று கும்பிட்டார்கள். அந்த அம்மனின் பொன்முலாம் பூசிய வெண்கலத் தலை 1727இல் தெருவில் சாக்கடைக்குத் தோண்டியபோது கிடைத்தது.

பெரிய குளம் பச்சையாக இருக்கும். மேலே திறந்திருப்பதால் வெயில் பட்டு வளர்ந்த பாசி அது. ரோமானியர் காலத்தில் கூரை போட்டிருந்தார்கள். சுற்றி நிற்கும் சிலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்கள் வைத்தவை. குளத்தின் அடியில் 45 ஈயத் தகடுகளை ரோமானியர் பரப்பினார்கள். அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன, இன்னும் நீர் தேக்குகின்றன. காலையில் முதல் ஆளாக உள்ளே போனால் நீர்மட்டத்தில் ஆவி தவழ்வதைப் பார்க்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது உபரிநீர் வழியும் மூலை. செங்கல் வளைவின் கீழே வெந்நீர் கொட்டுகிற இடத்தில் கல்லெல்லாம் ஆரஞ்சு நிறம், இரும்புச் சத்து படிந்த கறை. அங்கிருந்து ரோமானியர் வெட்டிய சாக்கடை வழியே நீர் அவானுக்குப் போகிறது. போகிற வழியில் அதன் சூட்டைப் பிடித்து, பக்கத்து அபேயின் தரையை இப்போது கதகதப்பாக்குகிறார்கள். ஈராயிரம் வருஷச் சாக்கடைக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

அருங்காட்சியகப் பகுதியில் அவசரப்படக் கூடாத இடம் சாபத் தகடுகள். பொருளைப் பறிகொடுத்தவர்கள் மெல்லிய ஈயத் தகட்டில் அம்மனுக்கு மனு எழுதி, மடித்து ஊற்றில் போட்டிருக்கிறார்கள். சுமார் 130 தகடுகள் கிடைத்திருக்கின்றன. தொலைந்தவை பெரிய சொத்தில்லை: மேலங்கி, குளியல் உடை, பாத்திரம். இரண்டு கையுறைகளைத் திருட்டுக் கொடுத்த ஒருவர், எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று கேட்டிருக்கிறார். திருடியது ஆணா பெண்ணா, அடிமையா சுதந்திர ஆளா, எவராயிருந்தாலும் விடாதே என்று வக்கீல் நோட்டீஸ் நடையில் எழுதியவர்களும் உண்டு. அத்தைக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில் காசு வெட்டிப் போட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். "மாப்பிள்ளே, போட்டவங்களுக்குப் பொருள் திரும்பக் கெடைச்சுதாமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு அங்கே பதில் எழுதி வைக்கவில்லை.

கடைசியில் குழாயில் அந்த நீரைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். 43 தாதுக்கள் என்று பலகை. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "சுடுதண்ணியில ரெண்டு ஆணியப் போட்டு வச்ச மாதிரி இருக்கு" என்றாள். கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டாள். குளத்து நீரைத் தொடவோ குளிக்கவோ கூடாது. 1978இல் இந்த ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி அமீபாக் கிருமியால் இறந்துபோக, பொதுக் குளியலையே நிறுத்திவிட்டார்கள். பிறகு ஆழத்திலிருந்து சுத்தமான நீரை எடுக்கப் புதிதாகத் துளையிட்டு, 2006இல் தெர்மே பாத் ஸ்பா திறந்தது. மொட்டை மாடியில் குளம். கழுத்தளவு வெதுவெதுப்பில் நின்று அபே கோபுரத்தையும் சுற்றியுள்ள குன்றுகளையும் பார்க்கலாம். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை, எனவே பிள்ளைகளோடு போகிறவர்கள் முறை வைத்துப் போக வேண்டும். நீச்சலுடை கட்டாயம் என்றதும் அத்தை பின்வாங்கினாள். "இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு, நீங்க போயிட்டு வாங்க." நானும் மனைவியும் போனோம். நன்றாயிருந்தது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கட்டணத்தைப் பார்த்தால் ஒருமுறை போதும்.

முழங்கால் வலிக்கு இந்த நீர் நல்லதா என்பதுதான் அத்தையின் கேள்வி. பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்க இங்கிலாந்தே இதைக் கேட்டது. ஏழை நோயாளிகளுக்காக 1738இல் அடிக்கல் நாட்டி 1742இல் திறந்த மினரல் வாட்டர் ஆஸ்பத்திரியில் ஒரு வினோத விதி: வெளியூர் ஏழைகளுக்கு மட்டும்தான் இடம், உள்ளூர்க்காரர்கள் குளத்துக்கே போய்க்கொள்ளலாம். வருகிறவர் முன்பணம் கட்ட வேண்டும். பிழைத்தால் ஊர் திரும்பும் செலவு, இறந்தால் அடக்கச் செலவு. மூட்டு நோய்க்கென்று பேர் பெற்ற அந்த மருத்துவமனை 2019இல் பழைய கட்டடத்தை விட்டு நகரத்தின் பெரிய மருத்துவமனை வளாகத்துக்கு மாறிவிட்டது. இன்று அங்கே மருத்துவர்கள் ஊற்று நீரைக் குடிக்கச் சொல்வதில்லை. அத்தைக்கு வீட்டிலேயே வாளியில் வெந்நீரும் கல்லுப்பும் போட்டுக் கொடுத்தோம்.

மீதிப் பாத் எல்லாம் கல். ரால்ஃப் ஆலன் தபால் குத்தகையில் பணம் சேர்த்து, ஊருக்குத் தெற்கே கூம் டவுன் குன்றின் கல்சுரங்கங்களை வாங்கினார். தண்டவாளம் போட்டு, சரிவில் வண்டிகளை இறக்கி, ஆற்றங்கரைக்குக் கல் கொண்டுவந்தார். வெட்டியவுடன் ரம்பத்தால் அறுக்கிற அளவுக்கு மெதுவான கல், காற்றுப்பட்டால் இறுகும். அதைக் கொண்டு சர்க்கஸ் என்ற வட்டத் தெருவை ஜான் வுட் தகப்பன் தொடங்க, அதே பேருள்ள மகன் முடித்தார்; 1767 முதல் 1774 வரை ராயல் கிரசென்ட்டைக் கட்டியதும் மகன்தான். கிரசென்ட்டில் 30 வீடுகள், 114 தூண்கள். முன்பக்கம் ஒரே அச்சு. பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஆளுக்கொரு உயரம், ஆளுக்கொரு ஜன்னல். வாங்கியவர்கள் உள்ளே தங்கள் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் பிடித்தது.

சர்க்கஸில் ஒரு வீடு ராபர்ட் கிளைவ் குடியிருந்தது. ஆர்க்காட்டுக் கோட்டையில் பேர் எடுத்து, வங்கத்தில் பணம் எடுத்த அதே கிளைவ். உடம்பு சரியில்லாமல் இந்த நீருக்காக வந்தவர். அபே சுவர்களில் 600க்கும் மேற்பட்ட நினைவுக் கற்கள். நீருக்காக வந்து இங்கேயே இறந்தவர்கள் நிறையப் பேர், அவர்களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களும் உண்டு. ஊரின் அழகுக்கு யார் காசு போனது என்ற கேள்வி வருகிறதென்றால் இந்தச் சுவர்களுக்கு முன்னால் வரட்டும். அதே கல்லை வெட்டி வெட்டிக் கூம் டவுன் கிராமம் பொந்தாகிப்போனது. வீடுகளும் சாலையும் கீழே விழுந்துவிடும் என்று பயந்து, நுரைக் கான்கிரீட் பாய்ச்சி நிரப்பி, 2010 வாக்கில் வேலையை முடித்தார்கள். உள்ளே குடியிருந்த அரிய வகை வௌவால்களுக்காகச் சில சுரங்கப்பகுதிகளைத் திறந்தே விட்டிருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். குறைந்தது மூன்று இரவு வையுங்கள்; ஒரு பகலைக் கால்வாய்க்கும் காட்டுக்கும் கொடுங்கள், அதன் பிறகு நகரம். கார் இருந்தாலும் அதை நகரத்துக்குள் ஓட்டிப் போகாதீர்கள். ஒருவழித் தெருவும் நிறுத்தக் கட்டணமும் பாதி நாளைத் தின்றுவிடும். லேன்ஸ்டவுன், நியூபிரிட்ஜ், ஆட் டவுன் ஆகிய மூன்று இடங்களில் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் இறங்கும் வசதி இருக்கிறது. ரோமானியர் குளத்துக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்தால் வாசலில் வரிசை மிச்சம். வார நாளில் கட்டணமும் குறைவு. கிராமத்து வயல்களுக்குள் பொதுப்பாதை போகிறது, தாராளமாக நடக்கலாம். ஆனால் நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள், ஆட்டுக்குட்டிகள் வெளியே வந்துவிடும். பெரியவர்கள் கூட வந்தால், வாடகை பேசும் முன் ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: படுக்கையறை கீழே இருக்கிறதா, மாடியிலா? பழைய லாயத்து மாடிப்படிகள் ஏணிக்குக் கொஞ்சமே கீழ். அத்தை கூடத்துச் சோபாவில்தான் படுத்தாள்.